கழுவி வைத்த வெள்ளிக்கல்

வெள்ளிச் சுரங்கம் என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டியிருந்தார்கள். உண்மையில் அது ஈயச் சுரங்கம். ஈயக் கல்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வெள்ளியும் வரும், அவ்வளவுதான். ஆனால் ஈயச் சுரங்கத்தை விரிவாக்கப் போகிறோம் என்று சொன்னால் பெங்களூரில் எந்த மடையன் பணம் போடுவான்? வெள்ளி என்று சொல்லிப் பாருங்கள். பாங்க் மேனேஜர் கூட நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் தனியாரும் சுரங்கத் தொழிலுக்குள் நுழையலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். திறந்த கதவுக்குள் முதலில் ஓடியவர்களில் எங்கள் எம்.டி.யும் ஒருவர். அதுவரை கிரானைட் ஏற்றுமதி செய்துகொண்டிருந்தார். கல்லைப் பலகையாக அறுத்து விற்றவருக்குக் கல்லுக்குள் இருப்பதை எடுத்து விற்பது அடுத்த படி என்று தோன்றியிருக்கிறது. ஆந்திர எல்லை தாண்டி ஒரு மொட்டைக் குன்றில் வெள்ளைக்காரன் காலத்துப் பழைய பள்ளம் ஒன்று கிடந்தது. அதைக் குத்தகைக்கு எடுத்து, மேலாக இருந்ததைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ரிச்மண்ட் டவுனில் ஒரு பழைய பங்களாவில் ஆபீஸ். முன்னால் போகன்வில்லா, பின்னால் கார் ஷெட், உள்ளே ஏ.சி. ரூமில் எம்.டி. அவர் மேஜை மேல் எப்போதும் ஒரு பாதுகாப்புத் தொப்பி இருக்கும். அதில் ஒரு கீறல் கூட இருந்ததில்லை.

நான் அங்கே படம் வரைகிறவள். தங்கவயலில் பிறந்து வளர்ந்து, ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் கோர்ஸ் முடித்து, ஸ்ரீராம்புரத்துச் சந்து ஒன்றில் அம்மாவோடு குடியிருந்தேன். பூமியைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் எந்தப் பாறை எங்கே இருக்கும் என்பதை டிரேசிங் பேப்பரில் மசியால் வரைய வேண்டும். நான் வரைந்த பூமி ரொம்ப அழகாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். நிஜப் பூமியைப் போய்ப் பார்த்தவர்கள் அந்த ஆபீஸில் குறைவு.

எம்.டி.யின் திட்டம் பெரியது. பழைய பள்ளத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஆழமாக ஒரு ஷாஃப்ட் இறக்க வேண்டும், அதாவது கிணறு மாதிரி நேர்க்குத்தாக ஒரு குழி. அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் குடைந்து போக வேண்டும். கல் அரைக்கும் மில்லைப் பெரிதாக்க வேண்டும். இதற்கெல்லாம் பாங்க்குகள் சேர்ந்து கடன் கொடுக்க வேண்டும். பாங்க்குகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: கீழே சரக்கு இருக்கிறதா, காட்டு.

காட்டுவதற்கு ஒரு வழி உண்டு. மேலிருந்து துளை போட்டு, உள்ளிருக்கும் பாறையை முள்ளங்கி தடிமனில் நீள நீளமான உருளைகளாக எடுப்பார்கள். கோர் என்று சொல்வார்கள். அவற்றை எடுத்த வரிசையிலேயே தட்டையான மரப்பெட்டிகளில் அடுக்கி, இது இந்த ஆழத்தில் கிடைத்தது என்று சின்ன மரக்கட்டைகளில் பென்சிலால் எழுதி நடுநடுவே செருகி வைப்பார்கள். அந்த வரிசைதான் எல்லாம். வரிசை இருந்தால் அது பூமி. வரிசை போனால் வெறும் கல்.

இந்த இடத்தில் என் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்காவின் புருஷன். தங்கச் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்டில் ஷாஃப்ட் வேலை. பாறையில் வெடி வைப்பார், மரம் முட்டுக் கொடுப்பார், ஆட்கள் போகும் கூண்டை ஏற்றி இறக்குவார். ஒரு நாள் அம்மாவுக்கு அக்கா கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடியை என் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போக வந்தார். வராந்தாவில் எம்.டி. கண்ணில் பட்டார். எங்கே வேலை என்று கேட்டார் எம்.டி. இவர் சொன்னார். அவ்வளவுதான், தோளில் கை போட்டு ஏ.சி. ரூமுக்குள் அழைத்துக்கொண்டு போய்விட்டார். ஜாடி என் மேஜையில் இருந்தது. அரை மணி கழித்து மாமா வெளியே வந்தபோது அவர் நடையே மாறியிருந்தது.

"ஷாஃப்ட் ஃபோர்மேன் நான்தானாம்மா," என்றார். "புது ஷாஃப்ட்டு. முதல் மண்ணுலேர்ந்து நான் எறக்கணுமாம்."

"ஷாஃப்ட்டே இல்லியே மாமா. இன்னும் லோனே வரல."

"வரும்னு சொல்றாரே."

அந்த வாரமே தங்கச் சுரங்கத்தில் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அங்கே ஆள் குறைத்துக்கொண்டிருந்த நேரம், சந்தோஷமாக அனுப்பி வைத்தார்கள். அக்கா அழுதாள். மாமாவின் ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். இத்தனை வருஷமும் யாரோ இறக்கிய குழியில் ஏறி இறங்கியவருக்குத் தன் கையால் ஒரு குழி இறக்க வேண்டும் என்று தோன்றியது. ஆனால் எம்.டி. வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை நம்பிக் கையில் இருந்த வேலையை விட்ட புத்தியை என்னவென்று சொல்வது? கடன் வந்தால் ஷாஃப்ட், ஷாஃப்ட் வந்தால் மாமாவுக்கு வேலை, வேலை வந்தால் அக்கா வீட்டில் அடுப்பு நிம்மதியாக எரியும். இப்படித்தான் அக்காவின் குடும்பம் எங்கள் ஆபீஸ் ஃபைலில் தொங்கிக்கொண்டிருந்தது.

வேலை வரும் வரை வீட்டில் இருக்க வேண்டியவர்தானே? இருக்கவில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ரயிலில் வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். யாராவது வந்து போனால் எழுந்து நிற்பார். எம்.டி. கடந்து போகும்போது, "என்ன ஃபோர்மேன், ரெடியா?" என்பார். "ரெடி சார்!" என்பார் மாமா. ஷாஃப்ட் இல்லாத ஃபோர்மேன். பாதிச் சுரங்கமே இல்லாத சுரங்கக் கம்பெனிக்கு அவர்தான் பொருத்தம் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

கோர் பெட்டிகள் வந்தது ஆயுத பூஜைக்கு முந்தின நாள். குன்றில் போட வேண்டிய கொட்டகையைப் போடாததால் லாரியில் ஏற்றி பெங்களூருக்கே கொண்டு வரச் சொல்லியிருந்தார் எம்.டி. பாங்க்காரர்கள் ஆபீஸுக்கு வரும்போது வசதியாகக் காட்டலாம் என்பது இன்னொரு காரணம். பெட்டிகளைக் கார் ஷெட்டில் வரிசையாக இறக்கினார்கள். அவற்றைப் பார்த்து, ஆழத்துக்கு ஆழம் குறிப்பெடுக்க வேண்டிய ஜியாலஜிஸ்ட், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர், தசராவுக்கு மைசூர் போயிருந்தார். யானை ஊர்வலம் முடிந்து வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். கல் எங்கே ஓடிவிடப் போகிறது?

மறுநாள் காலையில் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். வாசலில் வாழைக்கன்று, மாவிலைத் தோரணம். ஜீப்புக்கு மாலை. புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஜெராக்ஸ் மெஷினுக்கும் அதே மரியாதை. பின்பக்கம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கார் ஷெட்டுக்குப் போனேன்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். பக்கத்தில் பக்கெட், சோப்புத்தூள், தேய்க்கும் பிரஷ். பெட்டிகள் எல்லாம் கழுவித் துடைக்கப்பட்டு, பூமாலையோடு இருந்தன. ஒவ்வொரு உருளைக் கல்லும் பளிச்சென்று இருந்தது. மினுமினுக்கும் ஈயக்கல் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்து முன்னால் இருந்த பெட்டியில் ஒன்றாக அடுக்கியிருந்தார். சாமி படத்துக்கு நேராக அந்தப் பெட்டி. படத்தின் காலடியில் மரக்கட்டைகள் குவியலாகக் காய்ந்துகொண்டிருந்தன. குவியலின் மேல் ஒரு சாமந்திப் பூ.

"மாமா, இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"இன்னா பண்ணேன்? சேறும் தூசியுமா கெடந்துச்சு. சாமி முன்னால அப்பிடியா வெக்கறது? விடிகாலையிலேயே வந்து தேய்ச்சேன். பாரும்மா, கண்ணாடி மாரி கீது."

"அந்தக் கட்டையில எழுதியிருந்ததே?"

"லாரி லோடு நம்பர்தானே? அதெல்லாம் போயிடுச்சு. கட்டை ஒண்ணும் தொலையல. எல்லாம் இங்கதான் கீது."

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். புடவை நனைந்ததுகூடத் தெரியவில்லை. தங்கவயலில் எங்கள் பக்கத்து ஷாஃப்ட்டில் ஆயுத பூஜை என்றால் முந்தின நாளே கூண்டு, சங்கிலி, கடப்பாரை, விளக்கு எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிப் பொட்டு வைப்பார்கள். அழுக்கோடு ஒரு சாமான் பூஜையில் இருந்தால் அந்த வருஷம் அண்டர்கிரவுண்டில் ஆபத்து என்று ஆண்கள் நம்பினார்கள். கோர் பெட்டிகள் அங்கே பூட்டிய கொட்டகையில் இருக்கும். அது ஆபீஸர்களின் இடம். மாமா மாதிரி ஆட்கள் அதற்குள் கால் வைத்ததே இல்லை. அதனால் தன் ஷாஃப்ட் எங்கே இறங்க வேண்டும் என்று சொல்லும் ஒரே சாட்சியை, தன் ஷாஃப்ட் நல்லபடியாக இறங்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார்.

"மாமா, அந்த வரிசை..." என்று ஆரம்பித்தேன். அதற்குள் எம்.டி. வந்துவிட்டார். பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. கார் ஷெட்டுக்குள் நுழைந்தவர் முன்னால் இருந்த பெட்டியைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடடா! என்ன ஃபோர்மேன் இது? வெள்ளி அப்படியே ஜொலிக்குதே!"

நான் எழுந்து, ஓரமாக அழைத்துப் போய், நடந்ததைச் சொன்னேன். கோர் வரிசை போய்விட்டது, எது எந்த ஆழம் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது, அங்கங்கே விரல் தண்டியில் இருந்த கோடுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார், பார்க்கிறவருக்குப் பெரிய பாளம் மாதிரி தெரியும் என்றேன். எம்.டி. கேட்டுக்கொண்டே அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவர் முகத்தில் முதலில் கவலை வந்தது. பிறகு யோசனை வந்தது. கடைசியில் பக்தி வந்துவிட்டது.

"நல்ல நாளும் அதுவுமா ஏம்மா இப்படிப் பேசறே? சும்மா இரு. சாமி முன்னால வெச்சது. எல்லாம் நல்லதுக்குத்தான்."

மாமாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எல்லோர் முன்னாலும் சால்வை போர்த்தினார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் சொல்ல வந்ததைக் கேட்க அதற்கு மேல் அவருக்குக் காது ஏது? பூசணிக்காய் உடைத்தோம். பொரி கடலை தின்றோம்.

ஜியாலஜிஸ்ட் மைசூரிலிருந்து வந்தார். பெட்டிகளைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார். எங்கள் எல்லோரையும் திட்டினார். மாமாவை ஒரு காட்டுமிராண்டி என்று இங்கிலீஷில் சொன்னார். நல்லவேளை, மாமா அன்று வரவில்லை. மறுபடியும் துளை போட வேண்டும், வேறு வழியே இல்லை என்றார். துளை போட்ட கான்ட்ராக்டரோ மெஷினை ஏற்றிக்கொண்டு வேறு மாநிலத்துக்குப் போய்விட்டான். திரும்ப அழைத்தால் புதுப் பணம், புது மாசங்கள். பாங்க்காரர்கள் வரும் தேதி முடிவாகியிருந்தது. எம்.டி. அவரை ரூமுக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். உள்ளே காபி போனது. அப்புறம் முந்திரி பக்கோடா போனது. பக்கோடா தட்டு காலியாகி வந்தபோது ஜியாலஜிஸ்ட்டும் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். புது பென்சில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனார். உட்கார்ந்து, கழுவிய கட்டைகளில் எண்களை எழுதினார்.

அவர் கொடுத்த கணக்கு படம் வரைய என்னிடம் வந்தது. ஒரே ஆழத்தில் கை அகலத்துக்குக் கறுப்பாக ஒரு பட்டை.

"சார், இதெல்லாம் ஒரே இடத்துலதான் இருந்ததுன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எக்ஸ்பீரியன்ஸ்," என்றார்.

அரசாங்கத்தில் அவர் எத்தனை வருஷம் உட்கார்ந்து அனுபவம் சேர்த்தாரோ தெரியாது. மாமா பூவும் பொட்டும் வைப்பதற்காக அடுக்கிய அடுக்கை அப்படியே பூமிக்குள் இறக்கி வைத்துவிட்டார். எம்.டி.யிடம் போய் மறுபடியும் சொன்னேன். "நீ கோடு போடம்மா. கீழே என்ன இருக்குன்னு நாங்க பார்த்துக்கறோம்," என்றார். கோடு போட்டேன். என் சம்பளம் அதற்குத்தான்.

பாங்க்காரர்கள் வந்தார்கள். டை கட்டியவர்கள், சூட்கேஸ் வைத்தவர்கள். கார் ஷெட்டில் விளக்கு எல்லாம் போட்டு வைத்திருந்தோம். அவர்களில் மூத்தவர் குனிந்து அந்த மினுமினுக்கும் கல்லைப் பேனா நுனியால் தட்டினார்.

"இதுதான் வெள்ளியா?"

"இதுதான் சார்," என்றார் எம்.டி.

அது ஈயம். வெள்ளி கண்ணுக்கே தெரியாது. அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் அது தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. துண்டு ஒன்றை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நல்ல வெள்ளி இருக்கிறது என்று ரிசல்ட் வந்தது. அந்தக் கல்லில் வெள்ளி இருந்தது பொய் இல்லை. அது அந்த இடத்தில், அந்த அகலத்தில் இருந்தது என்பதுதான் பொய். அதைச் சோதிக்க எந்த லாபரட்டரியிலும் மெஷின் இல்லை. மதியம் பிரியாணி, தயிர் சாதம், பாதாம் அல்வா. அல்வாவை மூத்தவர் இன்னொரு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பணம் வந்ததும் விரிவாக்கம் ஆரம்பித்தது. முதலில் விரிந்தது விருந்தினர் மாளிகை. குன்றின் சரிவில் கண்ணாடி ஜன்னலோடு, நீல டைல்ஸ் பாத்ரூமோடு. அடுத்து அதற்குப் போக ஒரு தார் ரோடு. அடுத்து அந்த ரோட்டில் போக ஒரு புதுக் கார். முதலீடு செய்கிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் அல்லவா என்று கேட்டார் எம்.டி. இத்தனையும் ஆன பிறகுதான் ஷாஃப்ட்டின் நினைவு வந்தது.

ஆனால் ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஷாஃப்ட் அருமையாக இறங்கியது. அந்தக் கம்பெனியில் நேராக நடந்த காரியம் அது ஒன்றுதான். மாமா குன்றிலேயே ஒரு தகரக் கொட்டகையில் தங்கி, தன் ஊர் ஆட்கள் கொஞ்சம் பேரை வைத்துக்கொண்டு, பாறையை வெடித்து வெடித்துக் கீழே போனார். தண்ணீர் ஊறிய இடத்தில் பம்ப் கேட்டார், விருந்தினர் மாளிகைக்கு ஜெனரேட்டர் வாங்கிய பிறகு பம்ப் வந்தது. அதுவரை வாளியால் இறைத்தார்கள். மாதா மாதம் சம்பளம் அக்கா கைக்கு வந்தது. அக்கா மிக்ஸி வாங்கினாள். என்னைப் பார்த்து, "பாத்தியாடி, நீ வேணாம்னு சொன்னியே," என்றாள். மாமா லீவில் வரும்போது சால்வையை மடித்து எடுத்து வந்து எல்லோருக்கும் காட்டுவார். "நான் என் கையால கழுவி வெச்ச கல்லும்மா. அத்தப் பாத்துத்தான் பாங்க்கு பணம் குடுத்துச்சு," என்பார். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை.

சொன்ன ஆழம் வந்தது. பக்கவாட்டில் குடைந்தார்கள். என் படத்தில் கறுப்புப் பட்டை ஆரம்பிக்கும் இடம் வந்தது. வெறும் வெள்ளைப் பாறை. இன்னும் கொஞ்சம் போங்கள் என்று போனில் சொன்னார் எம்.டி. போனார்கள். விரல் தண்டியில் ஒரு ஈயக்கோடு வந்தது. எம்.டி. ஸ்வீட் பாக்ஸ் வாங்கி அனுப்பினார். அடுத்த வெடியில் கோடு காணாமல் போனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பணம் தீரும் வரை குடைந்தார்கள். பிறகு ஜியாலஜிஸ்ட் ஒரு ரிப்போர்ட் எழுதினார். கீழே பாறை நழுவியதால் வெள்ளி ஓட்டம் அறுந்துவிட்டது, இயற்கையின் செயல் என்று. பூமி வந்து கோர்ட்டில் மறுப்புச் சொல்லப் போவதில்லை என்ற தைரியம். பாங்க்காரர்கள் மறுபடி வந்தார்கள். இந்த முறை அல்வா இல்லை. பித்தளைப் பலகையைக் கழற்றினார்கள். நான் ஒரு கட்டடக் கம்பெனியில் கம்ப்யூட்டரில் படம் வரையப் போய்விட்டேன். குன்றின் அடியில் மாமா இறக்கிய ஷாஃப்ட்டில் தண்ணீர் நிறைந்தது.

மாமா வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். தங்கவயலில் யார் கேட்டாலும் ஒரே பதில். "பாறை நழுவி ஓட்டம் அறுந்துபோச்சு. நம்ம கையில இன்னா கீது?" ஜியாலஜிஸ்ட்டின் ரிப்போர்ட்டை அப்படியே ஒப்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷனுக்கு இன்னும் விளங்கவில்லையே, சோப்புத்தூள் போட்டுத் தன் பிழைப்பையே தேய்த்துக் கழுவிவிட்டு இயற்கையைக் குற்றம் சொல்கிறாரே என்று. சொல்லிவிடலாமா என்று பல தடவை வாய் வரை வந்தது. அக்கா முகத்தைப் பார்த்து விழுங்கிவிடுவேன். விழுங்கினேனே தவிர, அவரை மதிப்பதை விட்டுவிட்டேன். வெகுளி என்று மற்றவர்கள் சொன்னதை நான் முட்டாள்தனம் என்று சொல்லிக்கொண்டேன்.

எம்.டி. என்ன ஆனார் என்று கேட்பீர்கள். என்ன ஆவார்? நன்றாக ஆனார். இரண்டாயிரம் பிறந்ததும் ஊருக்கே கட்டடப் பித்துப் பிடித்தது. கம்ப்யூட்டர் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கினார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும். விருந்தினர் மாளிகையை யாரிடமோ ரிசார்ட் என்று விற்றுவிட்டு, ஆனேக்கல் போகும் வழியில் நிலம் வாங்கி அபார்ட்மென்ட் கட்ட ஆரம்பித்தார். அதற்கும் வெள்ளி என்பதையே இங்கிலீஷில் பெயராக வைத்தார். கார் நிறுத்த அடித்தளம் தோண்டியபோது பாறை வந்தது. வெடி வைக்க ஆள் வேண்டுமே. ஃபோர்மேன் நினைவு வந்தது. ஆள் அனுப்பினார். மாமா போனார். சுரங்கம் இறக்கப் பிறந்தவர் கார் நிறுத்தும் பள்ளத்தில் பாறை உடைக்கப் போனார். கூப்பிட்டவரின் குரல் கேட்டதும் போய்விட்டாரே என்று எனக்கு அவர் மேல் இருந்த கொஞ்சநஞ்ச பரிதாபமும் போய்விட்டது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு சைட்டுக்கு வரச் சொல்லி மாமா அக்காவிடம் சொல்லியனுப்பினார். எனக்குப் போக இஷ்டமில்லை. அக்கா தனியாக பஸ் மாறிப் போக பயந்ததால் கூடப் போனேன். பள்ளத்தின் விளிம்பில் பந்தல் போட்டிருந்தார்கள். கம்ப்ரெஸ்ஸருக்கு மாலை, பாறை உடைக்கும் மெஷினுக்குப் பொட்டு, மிக்ஸர் லாரிக்கு வாழைக்கன்று. லாரி டிரைவர் ஓஸ் பைப்பை வைத்துக்கொண்டு கண்ணில் பட்டதை எல்லாம் கழுவிக்கொண்டிருந்தான். மாமாவுக்கு முடி முழுக்க நரைத்திருந்தது. எங்களைப் பார்த்துக் கை அசைத்துவிட்டுக் கற்பூரம் தேடிக்கொண்டிருந்தார்.

சிமென்ட் மூட்டை அடுக்கிய கொட்டகையின் ஓரத்தில் சில மரப்பெட்டிகள் கிடந்தன. எனக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கட்டடம் எழுப்பும் முன் அடியில் பாறை எப்படி என்று பார்க்கத் துளை போட்டு எடுத்த கோர். அதே உருளைக் கற்கள், அதே மரக்கட்டைகள், அதே பென்சில் எழுத்து. மேலே ஒரே செம்மண் தூசி. டிரைவர் அதைப் பார்த்துவிட்டு ஓஸ் பைப்பை அந்தப் பக்கம் திருப்பினான். மரக்கட்டை ஒன்றைப் பிடுங்கி எடுத்தான்.

"டேய்! நிறுத்துடா!"

மாமாவா அப்படிக் கத்தினார் என்று நம்ப முடியவில்லை. கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்தார். பைப்பை மடக்கிப் பிடித்துத் தண்ணீரை நிறுத்தினார்.

"அழுக்கா கீதேண்ணா. சாமி முன்னால..."

"அழுக்காவே இருக்கட்டும். அதுல எழுதிக்கீது. எத்த எங்கேர்ந்து எடுத்தாங்கன்னு எழுதிக்கீது. கழுவிட்டா, அப்பறம் இன்னா அழுதாலும் வராது."

டிரைவர் கையிலிருந்த கட்டையை வாங்கி, எழுத்தைத் தூரத்தில் பிடித்துப் படித்து, எடுத்த இடத்திலேயே செருகினார். ஒரு சாக்கைக் கொண்டு வந்து பெட்டிகளை மூடினார். ஓரங்களை உள்ளே சொருகினார். திரும்பியபோது நான் நின்றிருந்தேன்.



"நீ அன்னிக்கே சொல்ல வந்தே," என்றார் மாமா. "நான்தான் கேக்கல."

"மாமா, எப்பலேர்ந்து தெரியும்?"

"உள்ள குடைஞ்சுக்கினு போறோம், வெள்ளைப் பாறையா வருது. அங்க நின்னு யோசிச்சேன். பளபளன்னு இருந்தத எல்லாம் பொறுக்கி முன்னால வெச்சது நான்தானேன்னு." குரலை இறக்கினார். "உங்க அக்காவுக்குத் தெரிய வேணாம்மா. அவ பாறை நழுவிப்போச்சுன்னே நெனச்சுக்கட்டும்."

அக்கா பந்தலில் பொரியில் கடலை கலந்துகொண்டிருந்தாள். இத்தனை வருஷமும் இதைச் சுமந்துகொண்டு, ஊரார் முன்னால் அந்த ரிப்போர்ட்டை ஒப்பித்துக்கொண்டு இருந்திருக்கிறார். நான் இவரைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை சொரசொரவென்று, சிமென்ட் தூசியோடு இருந்தது.

அப்போதுதான் எம்.டி.யின் கார் வந்தது. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. என்னைப் பார்த்து, எங்கேயோ பார்த்த முகம் என்பது போலத் தலையாட்டினார். சாமி கும்பிட்டார். எலுமிச்சம்பழத்தின் மேல் காரை ஏற்றினார்கள். மெஷின்களை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர் கொட்டகை ஓரத்தில் நின்றார். காலால் சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"என்ன ஃபோர்மேன், எல்லாம் பளபளன்னு இருக்கு. இதை மட்டும் ஏன் இப்படி அழுக்கா விட்டுட்டீங்க? ஒரு பக்கெட் தண்ணி ஊத்தியிருக்கலாமே?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. ஒன்றுமே நினைவில்லை அவருக்கு. மாமா குனிந்து சாக்கை மறுபடி இழுத்து மூடினார்.

"அது அப்படியே இருக்கணும் சார்," என்றார்.

எம்.டி. சிரித்துவிட்டு, பொரிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு காருக்குப் போனார். மாமா அந்தப் பெட்டிகளை விட்டு நகரவில்லை.